கல்லாகும் விளையாட்டு

யோசுகேயின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் சாயத் தொடங்கியபோது, அவன் மகளுக்கு ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் சாயோகோ நினைத்தாள். கோயில் தோட்டத்துக் குளத்தை ஒட்டி, சிவப்புத் துணி விரித்த பலகையில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உதிர்ந்த மேப்பிள் இலைகள் குளத்து நீர்மேல் அடையாக மிதந்தன. கெண்டைமீன்கள் வாய் திறக்கும் இடத்தில் மட்டும் அவை விலகி மறுபடி கூடிக்கொண்டன. கிண்ணம் இன்னும் சாய்ந்தது. பச்சைத் தேநீர் விளிம்பைத் தாண்டி அவனுடைய முழங்காலில் விழுந்து, கால்சட்டையிலிருந்து ஆவி எழும்பியது. அவன் காலை இழுக்கவில்லை. எதையோ மென்று கொண்டிருப்பதைப் போல் உதடுகள் மட்டும் அசைந்தன. இடக்கை விரல்கள் மேல்கோட்டின் பொத்தானைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தன. கண் திறந்துதான் இருந்தது. அதற்குள் ஆள் இல்லை.

"என்னங்க," என்றாள். "ஏங்க!"

கிண்ணத்தை அவன் கையிலிருந்து பிடுங்குவதற்குள் பாதி கொட்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப்போல் ஒரு பெருமூச்சு விட்டு, அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ம்? என்ன கேட்ட?" முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். "அட, இது யார் கொட்டினது?"

"யார் கொட்டினதா?" அவனுடைய அக்கா ரிட்சுகோ பலகையின் மறு கோடியிலிருந்து சிரித்தாள். "நாப்பது வயசு ஆகுது, இன்னும் உன் கழுத்துல துணி கட்டி விடணும்போல இருக்கேடா. கோஹருவப் பாரு, அஞ்சு வயசு, ஒரு சொட்டு சிந்தல."

அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததைச் சாயோகோ அப்போது கவனிக்கவில்லை. யோசுகே கைக்குட்டையால் காலைத் துடைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனான். நடை சரியாகத்தான் இருந்தது. எதிரே வந்த முதியவருக்கு ஒதுங்கி வழிவிட்டான், தலையும் தாழ்த்தினான். ரிட்சுகோ, "நான் கடைத்தெருவுக்குப் போறேன். எங்க சலவைக்கடை ஆளுங்களுக்குப் பலகாரம் வாங்கிட்டுப் போகலேன்னா திங்கக்கிழமை மூஞ்சிய மூஞ்சியப் பாப்பாளுங்க," என்று எழுந்து போனாள்.

சாயோகோ உட்கார்ந்தே இருந்தாள். காலையில் மலையேறும்போது வண்டி ஒரு நொடி நடுக்கோட்டின்மேல் ஏறித் தடதடத்தது. "கண்ணு சொருகிடுச்சு," என்று அவன் சொன்னான். ஒரு மிட்டாய் எடுத்து அவன் வாயில் போட்டுவிட்டாள். போன மாதம் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன், குழாய் திறந்தபடி இருக்க, அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. காது கேட்காததுபோல் நடிக்கிறான் என்று அன்று இரவு முழுக்க அவனோடு பேசாமல் இருந்தாள். அப்போதும் உதடு அசைந்ததா? முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை.

"அம்மா," என்றாள் கோஹரு. குரலில் மனத்தாங்கல். "நீ கூப்பிட்டிருக்கக் கூடாது."

"ஏன்டி கண்ணு?"

"கூப்பிட்டா விளையாட்டு கெட்டுப்போயிடும்."

"எந்த விளையாட்டு?"

கோஹரு குளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பாசி படர்ந்த பாறைகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்ட விலங்குகளைப்போல் மேட்டில் கிடந்தன. "அப்பா கல்லாகுற விளையாட்டு. அப்பா கல்லாயிட்டா தொடக் கூடாது, கத்தக் கூடாது. திரும்பி வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கணும். எண்ணி முடிச்சா அப்பா வந்துடுவாரு." பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "நான் நல்லா எண்ணுறேன்னு அப்பா சொன்னாரு."

"அப்பாவா சொல்லிக் குடுத்தாரு?"

"ஆமா. அம்மாகிட்டச் சொன்னா விளையாட்டு முடிஞ்சுடும்னு…" சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குள்ளிருந்து சொன்னாள்: "சொல்லிட்டேன்."

சாயோகோ அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பரவால்ல. அம்மாவும் இப்போ விளையாட்டுல சேந்துட்டேன். எங்கெங்க விளையாடுனீங்க, சொல்லு."

"குளிக்கிற தொட்டியில. அப்போ அப்பா தலை கொஞ்சம் கொஞ்சமா கீழ போச்சு, நான் தாடையப் புடிச்சுக்கிட்டேன். தொடக் கூடாதுதான், ஆனா மூக்குல தண்ணி போயிடுமில்ல? அப்புறம் கார்ல. சிக்னல் பச்சையாயிடுச்சு, பின்னாடி லாரி ரொம்பக் கத்துச்சு. அப்புறம் யானை பஸ்ல. ஒரே ஒரு தடவ."

"பஸ் ஓடிட்டு இருந்துச்சா?"

கோஹரு யோசித்தாள். "மெதுவா," என்றாள்.

யானை பஸ் என்பது மழலையர் பள்ளியின் மஞ்சள் வண்டி. முகப்பில் யானை முகம் வரைந்திருக்கும். கண்ணாடி துடைப்பான்களுக்கு நடுவே தும்பிக்கை தொங்கும். யோசுகே அதை வருடக்கணக்காக ஓட்டுகிறான். கோஹருவும் அதில்தான் போகிறாள். தினமும் காலையில் தெருமுனைகளில் தாய்மார்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும் வரை குனிந்து வணங்குவார்கள். சாயோகோவும் அந்த வரிசையில் நின்று தன் கணவனுக்கே ஊராரோடு சேர்ந்து தலை குனிந்திருக்கிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அவனுடைய பெருமையே அதுதான். இப்போது வண்டி நகர்ந்துபோவதும், சன்னல்களில் சின்னச் சின்ன மஞ்சள் தொப்பிகள் தெரிவதும், அவற்றுக்கு முன்னால் ஓட்டுநர் இருக்கையில் திறந்த கண்ணோடு ஒரு வெற்றுடம்பு உட்கார்ந்திருப்பதும் அவள் கண்முன் வந்தன. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடி இறுகியிருக்க வேண்டும். "வலிக்குதும்மா," என்றாள் கோஹரு.

கடைத்தெரு கோயில் படிக்கட்டின் அடியிலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை ஒரே சரிவாக இறங்கியது. வறுத்த அரிசி அப்பத்தின் வாசனையும் மனிதக் கூட்டமும். ரிட்சுகோ ஒரு பலகாரக் கடையில் இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா சாயோகோ, நீயே சொல்லு. எங்க கடையில ஆள் அதிகம், இந்தப் பெட்டியில உருண்டை கம்மி. அந்தப் பெட்டி எடுத்தா மிச்சமாகும், மொதலாளி பொண்டாட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவா. யாருக்குக் குடுக்காம விடலாம்னு யோசிக்கிறதுக்கே மலையேறி வந்த மாதிரி இருக்கு."

"அவரு எங்கக்கா?"

"உள்ள, தாயத்துக் கிட்ட. வருஷா வருஷம் அவன் பஸ்ஸுக்கு ஒண்ணு வாங்குவானே." ரிட்சுகோ அவள் முகத்தைப் பார்த்தாள். உடனே பெட்டிகளை மறுபடியும் தூக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

யோசுகே கடையின் உள்மூலையில் நின்றிருந்தான். பயணக் காப்புக்கான பட்டுத் தாயத்துகள் நிறம் நிறமாகத் தொங்கின. மஞ்சளில் ஒன்றை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தான். கோஹருவைச் சாவிவளையங்கள் தொங்கும் சுழல்தட்டின் பக்கம் விட்டுவிட்டுச் சாயோகோ அவனருகே போனாள்.

"கார் சாவியக் குடுங்க."

அவன் ஏன் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கோபப்படுவான் என்றும் நினைத்தாள். அவனோ தாயத்தை இருந்த கொக்கியிலேயே மாட்டிவிட்டு, "சொல்லிட்டாளா," என்றான்.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு முழுப் பயம் வந்தது. இல்லை, அதெல்லாம் குழந்தை கதை விடுகிறது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்றுதான் அதுவரை அவள் காத்திருந்திருக்கிறாள்.

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தா அன்னிக்கே லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா நான் யாரு, சொல்லு. பள்ளிக்கூடத்துல புல்லு வெட்டச் சொல்லுவாங்களா? மார்ச் வரைக்கும் பொறு சாயோ. இந்த வருஷத்துப் பிள்ளைங்க முடிச்சுட்டுப் போகட்டும். அப்புறம் நானே போறேன்."

"மார்ச் வரைக்கும் அதுங்க உசுரோட இருக்க வேணாமா?"

பக்கத்தில் விசிறி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மெல்ல நகர்ந்துபோனாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு முன்கூட்டியே தெரியும். வரப்போகுதுன்னா ரப்பர் எரியுற மாதிரி ஒரு வாசனை வரும். வாசனை வந்தா ஓரமா நிறுத்திடுவேன். தெரியாம ஓட்டுவேனா?"

"காலையில மலையேறுறப்போ வாசனை வந்துச்சா?"

அவன் தொங்கிய தாயத்துகளில் ஒன்று சுழன்று நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, புருஷன் பொண்டாட்டி கடைக்குள்ள நின்னு குசுகுசுன்னு?" ரிட்சுகோ கைநிறையப் பைகளோடு வந்தாள். வாய் கேலி பேசியதே தவிர, முகம் பேசவில்லை.

"அக்கா, இவரு திடீர் திடீர்னு நினைவு தப்பிப் போறாரு. வண்டி ஓட்டும்போதும். தேத்தண்ணி கொட்டினப்போ நீங்களும் பாத்தீங்க."

ரிட்சுகோ பைகளைத் தரையில் வைத்தாள். தம்பியைப் பார்த்து, தாய் பிள்ளையிடம் கேட்பதுபோல் மெல்லக் கேட்டாள். "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சாடா?"

மறுபடியும். அந்த ஒரு சொல் சாயோகோவின் காதில் நின்றுகொண்டது. "மறுபடியும்னா?"

"சின்ன வயசுல இருந்துச்சு," என்றாள் ரிட்சுகோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "மாத்திரை குடுத்தோம். பெரிய பள்ளிக்கூடம் சேர்றதுக்குள்ள நின்னு போச்சு. அப்புறம் வரவே இல்ல, சத்தியமா வரல. உங்க கல்யாணம் பேசினப்போ அம்மாதான், நின்னு போனதப் பத்தி எதுக்குப் பேசிக்கிட்டுன்னு சொன்னாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டு."

சாயோகோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுழல்தட்டின் முன்னால் கோஹரு அசையாமல் நின்றிருந்தாள். கையில் ஏதோ ஒரு பொம்மை வளையம், தலை லேசாகச் சாய்ந்திருந்தது, இமை அடிக்கவில்லை. "கோஹரு!" என்று சாயோகோ போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா?" என்று உடனே திரும்பினாள் குழந்தை. "நரி வாங்கவா, முயல் வாங்கவான்னு பாத்துட்டு இருந்தேன்."

சாயோகோ பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். இனி இப்படித்தான் இருக்கப் போகிறது என்று தோன்றியது. குழந்தை பராக்குப் பார்க்கும் ஒவ்வொரு கணமும்.

சாயோகோ விசாரித்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. கடைக்காரப் பெண் பரிவோடு தலையைச் சாய்த்தாள். "டாக்சி கீழ டவுன்லேருந்து வரணுங்க. மேப்பிள் இலை பாக்க வந்த கூட்டம் இன்னிக்கு, கூப்பிட்டாலும் எப்போ வருமோ சொல்ல முடியாது. இருட்டுனா வண்டி நிறுத்துற இடத்துல சங்கிலி போட்டுடுவாங்க. மூடுபனி வேற இறங்குது." அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே யோசுகே மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டான். "வந்த மாதிரியே போயிடலாம்," என்றான் திரும்பாமல். "மெதுவா ஓட்டுறேன்."

சாயோகோ ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கோஹரு பின்னிருக்கையில் இருக்கைப்பட்டி மாட்டி உட்கார்ந்திருந்தாள், இயந்திரம் உறுமியது. அவள் பின்கதவைத் திறந்து பட்டியை அவிழ்த்து, குழந்தையை வெளியே இழுத்து ரிட்சுகோவின் கையில் கொடுத்தாள். பிறகு வண்டியின் முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முகப்பின்மேல் ஊன்றி நின்றாள். இரும்பு கைக்கடியில் அதிர்ந்தது. அவன் சன்னலை இறக்கித் தலையை நீட்டினான். அக்கம்பக்கத்து வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

"சாயோ, தள்ளு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

அது உண்மை. கல்லூரி முடித்த வருடம் எடுத்த லைசென்ஸ். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் வண்டியைத் தொட்டதில்லை. தப்பே செய்யாதவர்களுக்குத் தரும் தங்கப் பட்டை அதில் போட்டிருக்கும். ஓட்டாதவள் என்ன தப்பு செய்ய முடியும்? காகித டிரைவர் என்று குடும்பத்தில் கேலி செய்வார்கள். பூஜைமாடத்தில் வைத்துக் கும்பிடத்தான் லாயக்கு என்பாள் ரிட்சுகோ. இன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியாதுதான்," என்றாள் சாயோகோ. "ஆனா வழி முழுக்க முழிச்சிருப்பேன்."

அவன் முகம் ஒரு கணம் அடிபட்ட குழந்தையின் முகமாகிப் போனது. சன்னல் ஏறியது. அவள் கைகளை எடுக்கவில்லை. பிறகு கதவு திறந்தது. அவன் இறங்கி, வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்தான். அவளைக் கடக்கும்போது தோள் உரசியது.

மலைச்சாலை இரண்டாவது வளைவிலேயே வெள்ளையாகிவிட்டது. முன்விளக்கு வெளிச்சம் பனியில் மோதித் திரும்பி அவள் கண்ணிலேயே விழுந்தது. வளைவு காட்டும் விளக்கைப் போடப் போய் வேறொன்றைத் தள்ளிவிட்டாள். துடைப்பான்கள் கரகரவென்று ஆடத் தொடங்கின. கண்ணை எடுத்துத் தேட அவளுக்குத் துணிவு வரவில்லை. இடப்பக்கம் தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

"பிரேக்கையே மிதிச்சுட்டு வராத," என்றான் யோசுகே. பிள்ளைகளோடு பேசும் அமைதியான குரல். "சூடாயிடும். கியரை ஒண்ணு இறக்கு. அந்தக் கம்பிதான். ம், அப்படித்தான். வண்டியே தானா இழுத்துப் புடிச்சுக்கும். வளைவுக்கு முன்னாடியே மெதுவாக்கு, வளைவுக்குள்ள போயி இல்ல. தூரத்தப் பாரு. பக்கத்துல பாக்காத."

பின்னால் யாரோ ஒலிப்பானை அழுத்தினார்கள். அவள் ஒதுங்கப் போய் வண்டி இடப்பக்கத் தடுப்புக் கம்பியில் கிரீச்சென்று உரசியது. கோஹரு அம்மா என்றாள். "ஒண்ணுமில்ல, பெயிண்ட்தான் போச்சு," என்றான் அவன். "போகட்டும். நேராக்கு. சரி. இப்போ அடுத்தது வலது பக்கம் பெரிய வளைவு. நான் சொல்றப்போ திருப்ப ஆரம்பி."

அவள் காத்திருந்தாள். சாலை இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சொல்லவில்லை.

"திருப்பவா?" என்றாள். "ஏங்க, இப்பவா?"

துடைப்பான்களின் சத்தம் மட்டும். ஓரக்கண்ணுக்கு அவனுடைய முழங்காலும் அதன்மேல் கிடந்த கையும் தெரிந்தன. கை கோட்டுப் பொத்தானைத் தேடி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பப் போனது.

"ரோட்டப் பாரு!" பின்னாலிருந்து ரிட்சுகோவின் குரல் கத்திபோல் வந்தது. அவள் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே பாய்ந்து தம்பியின் தோளைப் பிடித்திருந்தாள். "நீ ரோட்ட மட்டும் பாரு சாயோகோ. இவன நான் பாத்துக்கறேன்."

பின்னிருக்கையில் கோஹரு எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆடாமல் அசையாமல், நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்யும் குரலில். வெள்ளைக்குள்ளிருந்து வளைவின் மஞ்சள் அம்புகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன. சாயோகோ முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள். ஸ்டீயரிங் சக்கரத்தை இழுத்தாள். வண்டியின் பின்பாகம் தன்னை விட்டுப் போவதுபோல் இருந்தது. போகவில்லை. எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்தின் விளக்குகள் திடீரென்று பெரிதாகி, பக்கவாட்டில் ஒரு சுவரைப்போல் கடந்துபோயின. காற்று வண்டியை அறைந்தது. இந்த நேரத்தில் இந்த இடத்தில் யார் கையில் சக்கரம் இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. அதை அவள் உள்ளே விடவில்லை. அம்புகள் முடிந்தன. சாலை நேரானது.

"சொன்னேனில்ல," என்றான் யோசுகே, ஒரு பெருமூச்சுக்குப் பிறகு, அதே அமைதியான குரலில். "பயப்படாத. வலது பக்கம் பெரிய வளைவு இனிமேதான் வரும்."

கோஹரு எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். அவன் சாலையைப் பார்த்தான், பின்னால் திரும்பித் தன் தோளிலிருந்த அக்காவின் கையைப் பார்த்தான். அதற்கப்புறம் அடிவாரம் வரும்வரை அவன் வழி சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சாயோகோ, "இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன்," என்றான் ஒவ்வொரு முறையும்.

அடிவாரத்தில் இரவும் பகலும் திறந்திருக்கும் ஒரு கடையின் முன்னால், வண்டி நிறுத்தக் கோடு போட்ட இரண்டு கட்டங்களுக்குக் குறுக்காக அவள் வண்டியை நிறுத்தினாள். பனி இங்கே இல்லை. கடை வெளிச்சத்தில் ஒரு மாணவன் நின்றபடி ஏதோ தின்றுகொண்டிருந்தான். ரிட்சுகோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "ஒண்ணுக்கு வருதாம்," என்று இறங்கிப் போனாள். கோஹரு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"இன்னிக்கே தலைமையாசிரியைகிட்டப் பேசுங்க," என்றாள் சாயோகோ. "நாளைக்குக் காலையில பஸ்ஸுக்கு வேற ஆள் வேணும்."

அவன் தலையசைத்தானா, குனிந்தானா என்று தெரியவில்லை.

இறங்கலாம் என்று நினைத்து அவள் கைகளை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. சக்கரத்தைச் சுற்றியிருந்த விரல்கள் வெளுத்து, யாருடையவோபோல் அங்கேயே இருந்தன. இன்னொரு முறை முயன்றாள். யோசுகே அதைக் கவனித்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான். முதலில் சுண்டுவிரலைப் பிடித்துத் தேய்த்து, மெல்ல நிமிர்த்தினான். பிறகு அடுத்ததை. அவள் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்காமல். மழையில்லாத கண்ணாடியில் துடைப்பான்கள் இன்னும் கரகரவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். அவன் அடுத்த விரலை எடுத்தான்.